ஒட்டு மேலடுக்கு போட்ட கான்கிரீட் சாலை: அறிகுறியை வைத்துப் பிழை கண்டுபிடித்துச் சரிசெய்வது

பழைய கான்கிரீட் ஸ்லாபின் மேல் 50 முதல் 150 மி.மீ. வரை புதுக் கான்கிரீட் போட்டு, இரண்டையும் ஒரே ஸ்லாபாக வேலை செய்ய வைப்பதுதான் ஒட்டு மேலடுக்கு. 200 மி.மீ. பழைய ஸ்லாபின் மேல் 75 மி.மீ. ஒட்டினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 275 மி.மீ. ஸ்லாபுக்கு உரியது. ஒட்டு விட்டுவிட்டால் அதே இரண்டு அடுக்குகளின் மொத்த விறைப்பு அதில் சுமார் 40 சதவீதம்தான். இந்தச் சாலைகளில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மேலே தெரியும் விரிசலைப் பூசி மறைப்பதற்கு முன் ஒட்டுமுகத்தை, அதாவது இரு அடுக்குகளும் சேரும் இடத்தை, பாருங்கள்.

முதலில் சத்தம், பிறகு கோர்

கனமான சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடங்கள். ஒட்டியிருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் டொம்மென்று மந்தமாக ஒலிக்கும். சந்தேகம் வரும் இடத்தில் சுத்தியலால் தட்டி எல்லையைச் சாக்பீஸால் வரைந்துகொள்ளுங்கள். இதை விடியற்காலையில் செய்வது நல்லது. அப்போது மேல்பரப்பு குளிர்ந்து சுருங்கி ஸ்லாபின் மூலைகள் மேல்நோக்கி வளைந்திருக்கும், இடைவெளி திறந்திருக்கும். மதிய வெயிலில் அதே மூலை அழுந்தி உட்கார்ந்து நல்ல சத்தம் கொடுத்து ஏமாற்றும்.

அடுத்து மூன்று இடங்களில் கோர் (துளைத்து எடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுங்கள்: மந்தச் சத்தம் வரும் இடத்தில் ஒன்று, அதன் எல்லையில் ஒன்று, நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று. இழுவைச் சோதனை (ஏஎஸ்டிஎம் சி1583) செய்வதானால் 50 மி.மீ. வட்டமாக, ஒட்டுமுகத்தைத் தாண்டிப் பழைய கான்கிரீட்டுக்குள் 10 மி.மீ.க்குக் குறையாமல் துளைத்து, எஃகு வட்டை எபாக்ஸியால் ஒட்டி மேல்நோக்கி இழுக்க வேண்டும். வட்டின் பரப்பு சுமார் 1,963 சதுர மி.மீ. என்பதால் 1 மெகாபாஸ்கல் என்பது கிட்டத்தட்ட 2 கிலோநியூட்டன் இழுவை. ஆனால் எண்ணைவிட எந்த இடத்தில் அறுந்தது என்பதே முக்கியம்:

- ஒட்டுமுகத்தில் சுத்தமாகக் கழன்றால் பரப்புத் தயாரிப்பிலோ கியூரிங்கிலோ (புதுக் கான்கிரீட்டின் ஈரம் போகாமல் காப்பதிலோ) குறை. கோரின் அடிப்பக்கத்தில் தூசி, வெள்ளைப் படலம், எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள்.
- ஒட்டுமுகத்துக்குச் சில மி.மீ. கீழே, பழைய கான்கிரீட்டில், குறைந்த விசையிலேயே பிய்ந்தால் மில்லிங் எந்திரம் (பரப்பைச் சுரண்டி எடுப்பது) பழைய பரப்பை நொறுக்கியிருக்கிறது. ஒட்டு நன்றாகவே இருக்கிறது, ஒட்டிய பொருள்தான் சரியில்லை.
- புதுக் கான்கிரீட்டுக்குள்ளேயே அறுந்தால் ஒட்டில் பிரச்சினை இல்லை. கலவையையும் அதிர்வூட்டலையும் விசாரியுங்கள்.
- எபாக்ஸியில் அறுந்தால் ஒட்டின் வலிமை அந்த எண்ணுக்குக் குறையாது என்பது மட்டும் தெரியும். எண் போதவில்லை என்றால் மறுபடி செய்யுங்கள்.

பழைய விவரக்குறிப்புகளில் வரும் 1.4 மெகாபாஸ்கல் என்ற இலக்கு பெரும்பாலும் வெட்டு விசைச் சோதனைக்கானது, அதாவது ஓர் அடுக்கை மற்றதன் மேல் பக்கவாட்டில் நழுவத் தள்ளுவது. நேர் இழுவையில் கிடைக்கும் எண் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு வேலையை நிராகரிப்பது தேவையில்லாத சண்டை.

அறிகுறி: மூலைகளிலும் ஜாயிண்ட் (ஸ்லாபுகளுக்கு இடையிலான இணைப்பு) ஓரங்களிலும் மந்தச் சத்தம், ஸ்லாப் நடுவில் சத்தம் நன்றாக இருக்கிறது

மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். மேலடுக்கின் மேல்பரப்பு காய்ந்து சுருங்குகிறது, அடிப்பரப்பை பழைய ஸ்லாப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் ஓரங்கள் மேலே கிளம்பப் பார்க்கின்றன. முதல் 2, 3 நாட்களில் ஒட்டு முழு வலிமைக்கு வந்திருக்காது, மூலை விட்டுவிடும்.

முதலில் கியூரிங் பதிவேட்டைப் பாருங்கள். மெல்லிய அடுக்கில் தடிமனோடு ஒப்பிட்டால் காயும் பரப்பு அதிகம். ஆகவே சாதாரண சாலைக்கு ஒரு லிட்டர் கியூரிங் காம்பவுண்ட் (ஈரம் வெளியேறாமல் படலம் போடும் திரவம்) சுமார் 5 சதுர மீட்டருக்குத் தெளிக்கப்படும் என்றால் இங்கே 2.5 சதுர மீட்டருக்குத் தெளிக்க வேண்டும், அதாவது இரு மடங்கு. ஒரே தடவையில் அடித்தால் வழிந்து ஓடும். ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு தடவை அடிப்பது நல்லது. இழைப்பு முடிந்த அரை மணிக்குள் இது முடிய வேண்டும். பக்கவாட்டு முகத்தை, அதாவது அச்சுப்பலகை கழற்றிய விளிம்பை, தெளிக்க மறப்பது சர்வசாதாரணம். சாலையின் வெளி ஓரத்தில் மட்டும் வரிசையாக மந்தச் சத்தம் வந்தால் அங்கேதான் காரணம்.

இரண்டாவதாக ஜல்லியைப் பாருங்கள். புதுக் கான்கிரீட் வெப்பத்தில் விரிவடையும் அளவு பழையதைப் போலவோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்ட பழைய ஸ்லாபின் மேல் குவார்ட்ஸ் நிறைந்த கூழாங்கல் ஜல்லியில் மேலடுக்கு போட்டால், டிகிரிக்கு ஒரு மீட்டரில் 3 மைக்ரோமீட்டர் வித்தியாசம் எளிதாக வந்துவிடும். 20 டிகிரி குளிர்ந்தால் அது மீட்டருக்கு 60 மைக்ரோமீட்டர். 30,000 மெகாபாஸ்கல் மீள்தன்மைக் குணகம் கொண்ட கான்கிரீட்டை முழுதாகப் பிடித்து நிறுத்தினால் 1.8 மெகாபாஸ்கல் தகைவு. இளம் கான்கிரீட் அதைத் தாங்காது. ஜல்லி இப்படிப் பொருந்தவில்லை என்றால் கியூரிங்கைத் திருத்துவதால் மட்டும் பயனில்லை. மீதி வேலைக்கு ஜல்லியை மாற்றுங்கள்.

அறிகுறி: ஸ்லாப் நடுவில் திட்டுத்திட்டாக மந்தச் சத்தம்

இது சுருக்கத்தால் வருவதில்லை, அழுக்கால் வருவது. திட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லும். சக்கரத் தடம்போல நீளமாக இருந்தால் சுத்தம் செய்த பரப்பில் கலவை லாரி ஓடிச் சேற்றையும் எண்ணெயையும் விட்டிருக்கிறது. கையகல வட்டங்களாக இருந்தால் எண்ணெய் சொட்டு. ஒரு நாள் வேலையின் தொடக்கத்திலோ முடிவிலோ முழு அகலத்துக்கும் பட்டையாக இருந்தால், பரப்பைச் சுத்தம் செய்த பிறகு மழையோ இரவோ குறுக்கிட்டிருக்கும், மறு சுத்தம் நடந்திருக்காது.

எஃகு மணிகளை வேகமாக வீசிப் பரப்பைச் சுரண்டும் ஷாட் பிளாஸ்டிங்தான் இந்த வேலைக்கு நம்பகமான முறை. உயரத்தைக் குறைக்க மில்லிங் செய்துதான் ஆக வேண்டும் என்றால், அதன்பின் ஷாட் பிளாஸ்டிங் அல்லது உயர் அழுத்த நீரால் நுண்விரிசல் விழுந்த மேல்தோலை அகற்றுவது கட்டாயம். சாலைக்கோடு பெயிண்ட், பழைய கியூரிங் படலம், தார் ஒட்டுகள் (தார்க் கலவையால் அடைத்த பழைய குழிகள்) எதுவும் மிஞ்சக்கூடாது. தார் ஒட்டின் மேல் கான்கிரீட் ஒட்டவே ஒட்டாது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியை மேலடுக்கோடு சேர்த்தே நிரப்பிவிடலாம்.

பேவருக்குச் (கான்கிரீட்டைப் பரப்பும் எந்திரம்) சற்று முன்னால் அழுத்தக் காற்றால் ஊதுவது கடைசிச் சுத்தம். கம்ப்ரஸரில் எண்ணெயையும் ஈரத்தையும் பிடித்து நிறுத்தும் பொறிகள் இருக்கின்றனவா என்று வெள்ளைத் துணியை முனையில் பிடித்துப் பாருங்கள். துணியில் மஞ்சள் பட்டால், சுத்தம் செய்வதாக நினைத்து எண்ணெய் தெளித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சிமெண்ட் பால் பூசி ஒட்டவைக்கும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரப்பு சுத்தமாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் அது தேவையில்லை. பூசிய பால் கான்கிரீட் வருவதற்குள் காய்ந்து வெளுத்துவிட்டால் ஒட்டுக்குப் பதில் பிரிப்புத்தாளாக மாறிவிடும். கோரின் அடியில் வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். பரப்பு வறண்டும் சூடாகவும் இருந்தால் முன்கூட்டியே நனைத்து, தேங்கிய நீரை ஊதித் தள்ளுங்கள். ஈரம் உள்ளே இருக்கலாம், மேலே நீர் மினுங்கக்கூடாது. தேங்கிய நீர் ஒட்டுமுகத்தில் நீர்-சிமெண்ட் விகிதத்தை ஏற்றி, அந்த ஒரு மெல்லிய படலத்தை மட்டும் பலவீனமாக்கும்.

அறிகுறி: போட்ட அன்றே மேல்பரப்பில் குட்டைக் குட்டையான, ஏறத்தாழ இணையான விரிசல்கள்

பிளாஸ்டிக் சுருக்கம், அதாவது இறுகாத கான்கிரீட் காய்ந்து சுருங்குவது. ஆவியாதல் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோவைத் தாண்டும்போது வரும். காற்று வேகம், கான்கிரீட் சூடு, காற்றின் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கும், வெயில் மட்டும் அல்ல. ஆழம் குறைவாகவும் ஒட்டு நன்றாகவும் இருந்தால் குறைந்த பாகுத்தன்மை கொண்ட எபாக்ஸியையோ மெத்தக்ரிலேட்டையோ பரப்பில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள், போதும்.

அறிகுறி: 24 மணி நேரத்துக்குள் குறுக்கே ஒழுங்கற்ற விரிசல்

அது பழைய ஜாயிண்டுக்கு மேலேயே, ஆனால் வளைந்து நெளிந்து ஓடினால் கட்டர், அதாவது பழைய ஜாயிண்டுக்கு நேர் மேலே புது ஜாயிண்ட் வெட்டும் எந்திரம், தாமதமாக வந்திருக்கிறது. மெல்லிய அடுக்கில் வெட்டுவதற்கான நேர இடைவெளி மிகக் குறுகியது. பகலில் சூடேறிய பழைய ஸ்லாப் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அதன் ஜாயிண்ட் திறக்கும், மேலே இருக்கும் இளம் கான்கிரீட்டை அப்படியே கிழிக்கும். பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் அதிகமான நாட்களில் இது நிச்சயம் போலத்தான். வெட்டும்போது ஓரத்தில் லேசாக உதிர்ந்தால் நேரம் சரி. துளிகூட உதிராமல் கண்ணாடிபோல வெட்டு விழுகிறது என்றால் தாமதமாகிவிட்டது. நீண்ட வேலைக்கு ஒரு கட்டர் போதாது. ஒன்று பழுதானால் உடனே எடுக்க இன்னொன்று அங்கேயே இருக்க வேண்டும்.

வெட்டு ஒரு பக்கம், அதற்கு 20, 30 மி.மீ. தள்ளி இணையாக விரிசல் இன்னொரு பக்கம் என்றால் வெட்டு இடம் தப்பியிருக்கிறது. பழைய ஜாயிண்ட் தன் இடத்தில் திறந்துகொள்ளும், உங்கள் கோட்டுக்காகக் காத்திருக்காது. கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு ஜாயிண்டின் இரு முனைகளையும் பேவரின் தடத்துக்கு வெளியே ஆணியடித்துக் குறிக்க வேண்டும். பெயிண்ட் குறி பேவர் தடத்திலும் சேற்றிலும் அழிந்துவிடும். பழைய ஜாயிண்ட் நேராக இல்லை என்றால் நடுவிலும் அளவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தப்பிவிட்டதென்றால், விரிசலுக்கும் வெட்டுக்கும் நடுவே உள்ள ஒல்லிப் பட்டை எப்படியும் உடைந்து போகும். அதை இப்போதே வெட்டி எடுத்து, சரியான இடத்தில் ஜாயிண்ட் வைத்து மறுபடி நிரப்புங்கள்.

அறிகுறி: முதல் கோடையில் ஜாயிண்ட் ஓரம் உதிர்கிறது, அல்லது இரு பக்கமும் கூரைபோல எழும்புகிறது

வெட்டு முழு ஆழத்துக்குப் போகவில்லை. குறுக்கு ஜாயிண்ட் மேலடுக்கின் முழுத் தடிமனோடு கூட 12 மி.மீ. ஆழம் வெட்டப்பட வேண்டும். சாதாரணப் புதுச் சாலையில் பழகியவர்கள் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தோடு நிறுத்திவிடுவார்கள், இங்கே அது தவறு. அடியில் வெட்டப்படாமல் நிற்கும் பட்டை இருபுறமும் ஒட்டியிருக்கிறது. கோடையில் பழைய ஸ்லாப் விரிந்து ஜாயிண்டை மூடும்போது அந்தப் பட்டையை மட்டும் நசுக்கும், மேலடுக்கு நழுவி மேலே கிளம்பும்.

ஏமாறும் இடம் தடிமன். வரைபடத்தில் 75 மி.மீ. என்று இருக்கும். ஆனால் பழைய சாலை சக்கரத் தடத்தில் தேய்ந்தோ தாழ்ந்தோ இருந்த இடத்தில் 100 மி.மீ. ஆகியிருக்கும். பிளேடை 87 மி.மீ.க்கு வைத்தால் அங்கே 13 மி.மீ. பட்டை மிச்சம். ஆகவே கான்கிரீட் போடும் முன் எடுத்த மட்ட அளவுகளிலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் அதிகபட்சத் தடிமனை எழுதி கட்டர் ஆளின் கையில் கொடுங்கள். (இதே காரணத்தால் கான்கிரீட் கனஅளவும் பரப்பு பெருக்கல் தடிமன் கணக்கைத் தாண்டும். அதைத் தனியாக அளந்து பணம் கொடுக்க ஒப்பந்தத்தில் வழி இல்லையென்றால் தடிமனைத் திருடத்தான் தூண்டுதல் வரும்.)

அகலமும் பார்க்க வேண்டும். பழைய ஜாயிண்டின் அடியில் உள்ள விரிசல் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்குக் குறையாத அகலம் மேலே வேண்டும். சாலையோர மண்ணைத் தோண்டி ஸ்லாபின் பக்கவாட்டில் அளந்தால் தெரியும். அடியில் 6 மி.மீ. திறந்திருக்க, மேலே 3 மி.மீ. பிளேடால் வெட்டினால் கோடையில் மேலடுக்கு முதலில் முட்டிக்கொள்ளும். பழைய சாலையில் விரிவு ஜாயிண்ட் இருந்தால் அதே அகலத்தில் மேலேயும் விரிவு ஜாயிண்ட். நீளவாக்கு ஜாயிண்டுக்கு இவ்வளவு கறார் தேவையில்லை, தடிமனில் பாதிக்குக் குறையாமல் வெட்டினால் போதும்.

பழைய ஜாயிண்டின் பள்ளத்தைச் சுத்தம் செய்து, அமுங்கக்கூடிய நுரைக் கயிற்றால் அடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுக் கலவையின் சாந்து உள்ளே இறங்கி ஆப்புபோல நிற்கும். இன்னும் உடையவில்லை என்றால் தீர்வு எளிது: சரியான ஆழத்துக்கும் அகலத்துக்கும் மறுபடி வெட்டி, ஊதிச் சுத்தம் செய்து சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) போடுங்கள். இதைக் கோடைக்கு முன் முடியுங்கள்.

அறிகுறி: பழைய விரிசலுக்கு நேர் மேலே புது விரிசல்

ஒட்டு நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்றும் இதுவே. கீழே அசையும் விரிசல் மேலே வந்தே தீரும். மெல்லியதாக, ஓரம் உதிராமல் இருந்தால் தோண்டிக் கொண்டிருக்காமல் விரிசலை மேலே சற்று அகலப்படுத்தி சீலன்ட் அடைத்துவிடுங்கள். லாரி போகும்போது இரு பக்கமும் வெவ்வேறாக இறங்கினால் முழு ஆழப் பழுதுபார்ப்பு தவிர வேறு வழி இல்லை. மேலடுக்கு போடும் முன்பே அந்தத் துண்டை எடுத்து டவல் கம்பி (ஒரு ஸ்லாபிலிருந்து அடுத்ததற்குச் சுமையைக் கடத்தும் கம்பி) வைத்து மாற்றியிருந்தால் செலவு குறைந்திருக்கும். அசைவு குறைந்த விரிசலுக்கு, மேலடுக்கு போடும் முன் குறுக்கே கம்பிகளைப் பழைய ஸ்லாபில் பிணைத்து வைப்பது விரிசலை இறுக்கமாக வைத்திருக்கும், வராமல் தடுக்காது.

அறிகுறி: ஜாயிண்டில் சேறு பீய்ச்சுகிறது, ஒரு ஸ்லாப் தாழ்ந்து படி விழுகிறது

மேலடுக்கின் மீது பழி போட வேண்டாம். அடித்தளம் அரித்துப்போய் ஸ்லாபுக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறது, அல்லது பழைய டவல் கம்பிகள் தளர்ந்துவிட்டன. மெல்லிய மேலடுக்கில் டவல் வைக்க இடமில்லை. ஜாயிண்டில் சுமையைக் கடத்துவது பழைய ஸ்லாபின் வேலைதான். வெற்றிடத்தைத் துளையிட்டுச் சாந்து ஏற்றி நிரப்புங்கள், நீர் வடியும் வழியைத் திறந்துவிடுங்கள், பிறகும் அசைந்தால் முழு ஆழத்தில் மாற்றுங்கள். காரவினையாலோ (சிமெண்டின் காரம் ஜல்லியோடு வினைபுரிவது) உறைபனியாலோ பழைய கான்கிரீட்டே உள்ளுக்குள் வலுவிழந்து, கோர் துண்டு துண்டாக வெளியே வந்தால் அந்தச் சாலை ஒட்டு மேலடுக்குக்கு ஏற்றதே அல்ல. பிரிப்பு அடுக்கு வைத்துத் தனியாக வேலை செய்யும் தடித்த மேலடுக்கைப் பற்றி யோசியுங்கள்.

ஒட்டு விட்ட இடத்தைச் சரிசெய்வது

விரிசல் இல்லை, சக்கரத் தடத்தில் இல்லை, சிறிய திட்டு என்றால் விட்டுவிடுங்கள். எல்லையைப் படத்தில் குறித்து ஒவ்வொரு பருவத்திலும் சங்கிலி இழுத்துப் பாருங்கள். வளர்ந்தால் மட்டும் கை வையுங்கள். ஒவ்வொரு மந்தச் சத்தத்துக்கும் எபாக்ஸி ஏற்றும் ஆர்வம் நல்ல ஒட்டையும் கிளப்பிவிடும்.

ஏற்றத்தான் வேண்டும் என்றால், மந்தச் சத்தப் பரப்பில் 200 முதல் 300 மி.மீ. இடைவெளியில், ஒட்டுமுகத்தைச் சற்றே தாண்டும் ஆழத்துக்குத் துளையிடுங்கள். துளைத் தூளை ஊதாதீர்கள், உறிஞ்சுங்கள். ஊதினால் தூள் இடைவெளிக்குள் போய் அடைத்துவிடும். உள்ளே ஈரம் இருந்தால் காயும்வரை பொறுங்கள். மெல்லிய எபாக்ஸியை ஒரு ஓரத்திலிருந்து ஏற்றி, பக்கத்துத் துளையில் எட்டிப் பார்த்ததும் அடைத்துவிட்டு அடுத்ததற்கு நகருங்கள். அழுத்தத்தில்தான் கவனம்: 75 மி.மீ. மேலடுக்கின் எடை சதுர மீட்டருக்கு சுமார் 180 கிலோ, அதாவது 1.8 கிலோபாஸ்கல்தான். பம்பின் அழுத்தம் பரவி நின்றால் அது ஸ்லாபைத் தூக்கி, ஒட்டியிருந்த ஓரத்தையும் உரித்துவிடும். மற்றத் துளைகளைத் திறந்தே வைத்து, எபாக்ஸி தானாக ஓடும் வேகத்தில் கொடுங்கள்.

உடைந்துவிட்ட துண்டை எடுக்க, மந்தச் சத்த எல்லையிலிருந்து 75 முதல் 100 மி.மீ. வெளியே செவ்வகமாக வெட்டுங்கள். வெட்டு மூலையைத் தாண்டி நீளக்கூடாது. உள்ளே 7 கிலோ வகைச் சிறு பிரேக்கரால் உடைத்தெடுங்கள். கனத்த பிரேக்கர் கீழே உள்ள நல்ல கான்கிரீட்டில் நுண்விரிசல் போட்டு, பழைய நோயையே புது ஒட்டிலும் விதைக்கும். அதன்பின் மணல் பிளாஸ்டிங், காற்று, நனைத்து ஊதுதல். ஜாயிண்ட் குறுக்கே வந்தால், நிரப்பும் முன் அமுங்கும் பலகையை ஒட்டுமுகத்துக்குக் கீழே வரை இறக்கி வையுங்கள், சாந்து பக்கத்து ஸ்லாபைத் தொடாமல் இருக்கட்டும். கலவையில் ஜல்லியின் அதிகபட்ச அளவு தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது: 75 மி.மீ.க்கு 25 மி.மீ., ஒட்டுப்போடும் சிறு குழிக்கு 10 மி.மீ. நடைமுறைக்கு வசதி. கியூரிங் காம்பவுண்ட் இங்கேயும் இரு மடங்கு, குழியின் விளிம்புகளைச் சேர்த்து. திறந்துவிடும் முன் ஒரு விடியலில் மறுபடி சங்கிலியை இழுத்துப் பாருங்கள்.